பங்குடையோர் வாசல்

கூட்ட நாள் காலைகளில் சுடர்க்கொடி, இறந்துபோன தன் கணவனுக்குச் சட்டை மாட்டிவிட்டுக் கூட்டத்துக்கு அனுப்பி வைப்பாள்.

முதலில் ஈரத்துணியால் முகத்தைத் துடைக்க வேண்டும். செவ்வாயின் புழுதி மாவு போன்றது. எங்கள் வீடுகளைக் குமிழ்போல் மூடியிருக்கும் கவிகையை எவ்வளவு இறுக்கினாலும் எப்படியோ உள்ளே வந்து படியும். முகம் என்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு திரை. துடைத்து முடித்ததும் அதில் இளஞ்சேரனின் முகம் தெரியும், கொஞ்சம் இளமையாக, எதையோ ஒப்புக்கொள்ளத் தயாரான சிரிப்போடு. பிறகு தோள்பட்டைக் கம்பிகளின் மேல் அவனுடைய நீலச் சட்டை. பொத்தான் போடும்போது உலோகம் விரலில் சில்லென்று படும். அந்தக் குளிர்ச்சி மட்டும் அவளுக்குக் கடைசிவரை பழகவில்லை.

எங்கள் நெடுமணல் குடியிருப்பில் யாரும் கூட்டங்களுக்கு நேரில் போவதில்லை. கூட்டங்கள் அவ்வளவு. குழாய் மாற்றக் கூட்டம், குழாய் மாற்றலாமா என்று கூட்டம், அந்தக் கூட்டத்தை எப்போது வைப்பது என்று ஒரு கூட்டம். அதனால் அவையில் நாற்காலி உள்ள ஆளுக்கொரு நிகரி. காதுக்குப் பின்னால் அரிசி அளவில் ஒரு பதிவியைப் பதித்திருப்பார்கள். அது கூட்டங்களில் மட்டும் விழித்திருக்கும். அந்த மனிதர் எதற்குத் தலையாட்டினார், எதற்கு இருமினார், எதைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டார் என்பதையெல்லாம் சில ஆண்டுகள் கற்றுக்கொள்ளும். பிறகு அந்தப் படிப்பை எடுத்து ஓர் இயந்திரத்தின் மண்டையில் ஏற்றிவிடுவார்கள். அதன்பின் மனிதர் வீட்டில் படுத்துக்கொள்ளலாம். நிகரி போய் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவர் சொல்லக்கூடியதையே சொல்லிவிட்டு வரும்.

இறந்தவர்களின் நிகரிகளை நிறுத்த வேண்டும் என்று விதியில் இல்லை. எழுதியவர்களுக்கு அது தோன்றவில்லை. பிறகு தோன்றியபோது குடும்பங்கள் ஒப்பவில்லை. கூட்டத்தின் ஒலிபரப்பைப் போட்டுவிட்டு, அதில் ஒரு குரல் எப்போது வரும் என்று காத்துக்கொண்டே சமைத்த வீடுகள் எங்களிடையே இருந்தன. என் தம்பியின் குரலும் அதில் வரும்.

பழைய விடுதிக் கவிகைக்கு ஒரே வாசல்தான். அதற்குள்ளேயே இருந்த ஈஸ்ட் உலர்த்தும் பிரிவில் தீப்பிடித்தபோது தாழ்வாரம் முழுக்கப் புகை நிறைந்தது. உள்ளிருக்கும் காற்று கசியாமல் காக்கும் வாசல் கதவு, காற்றுப்பூட்டு, பாதி திறந்து சிக்கிக்கொண்டது. இளஞ்சேரன் அந்தக் கதவுக்கு உள்பக்கம் இறந்தான். என் தம்பியும். அவர்களோடு இன்னும் பலரும். சுடர்க்கொடி அன்று சமையற்கூடத்தில் முறை மாற்றிக்கொண்டிருந்ததால் வெளிப்பக்கம் நின்றாள்.

"இன்னைக்குக் கதவு வருது," என்றாள் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி. "புது விடுதிக்கு ரெண்டாவது வாசல். வேணும்னு சொல்லு. கேக்குதா?"

"அவை எப்படி முடிவெடுக்கிறதோ அப்படி," என்றது நிகரி.

"அவை கெடக்குது. நீ என்ன நெனைக்கிற?"

"நல்ல கேள்வி. இதை விரிவாக விவாதிக்கலாம்."

உயிரோடு இருந்தவன் இப்படிப் பேசமாட்டான். கூட்டம் முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவான். "அறிவிருக்கா இவனுங்களுக்கு? எலிகூட வளைக்கு ரெண்டு வாசல் வைக்கும். இவனுங்க ஒத்த வாசல் வச்சு நூறு குடும்பத்தைப் பூட்டி வச்சிருக்கானுங்க." அங்கேயே சொல்லியிருக்கலாமே என்று அவள் கேட்டால், "எல்லாரும் தலையாட்டுறப்ப நான் ஒருத்தன் மட்டும் எப்படிடி?" என்பான். வீட்டில் பதிவி தூங்கிக்கொண்டிருக்கும். செருப்பைக் கழற்றிக்கொண்டு கத்தியவனை அது பார்த்ததே இல்லை. இளஞ்சேரன் கூட்டங்களில் எப்படி இருந்தான் என்பது மட்டுமே நிகரிக்குத் தெரியும். அவன் கூட்டத்தில் சாகவில்லை.

*

புது விடுதி அப்போது காகிதத்தில் ஒரு கோடாகக்கூட இல்லை. செவ்வாயில் கட்டடம் கட்டும் முறையே அப்படி. முதலில் மதிப்புக் கூட்டங்கள் நடக்கும். கட்டடம் என்னென்ன பணி செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் எதற்கு என்று கேட்டு, பயனைச் செலவால் வகுத்து ஒரு மதிப்பு எண் போடுவார்கள். எண் குறைந்தது வெட்டப்படும். மிஞ்சியதற்குப் பங்குடையோர், அதாவது அவையில் நாற்காலி உள்ளவர்கள், அனைவரின் இசைவு விளக்கும் பச்சையாக எரிய வேண்டும். எரிந்துவிட்டால் அச்சு இயந்திரங்கள் மண்ணை உருக்கி ஒரே வார்ப்பாகச் சுவரை எழுப்பிவிடும். அப்புறம் அதில் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. உள்ளே அடைத்த காற்றின் அழுத்தம் சின்னத் துளையையும் பிளந்துவிடும். ஆகவே கதவு வேண்டுமென்றால், சுவர் இல்லாத இந்த நேரத்தில் வேண்டும். சுவர் வந்தபின் கதவைப் பற்றிப் பேசுவது வெறும் பேச்சு.

சுடர்க்கொடிக்கு அவையில் இடமில்லை. ஆனால் அவளுக்குத் தேநீர் முறை இருந்தது. அவளும் சமையற்கூடத் தோழி ரெஜினாவும் பெரிய கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக நிகரிகளின் முன் கோப்பை வைப்பார்கள். நிகரிகள் குடிப்பதில்லை. ஆனாலும் கூட்டம் என்றால் தேநீர் உண்டு. அதை வெட்டலாம் என்று யாரும் மதிப்பு எண் போட்டுப் பார்த்ததில்லை. ஈஸ்ட் பாலில் போட்ட தேநீர் ஆறும்போது மேலே மஞ்சளாக ஆடை கட்டும், புண் ஆறும்போது படரும் தோல் போல. இடைவேளையில் கோப்பைகளை எடுத்து, ஆடையை விரலால் வழித்துப் போட்டுவிட்டு, கெட்டிலில் ஊற்றிச் சுடவைத்து மறுபடி கொண்டுவருவார்கள். அதே பிஸ்கட் தட்டும் மறுபடி வரும். கூட்டம் முடிந்தபின் அந்தத் தேநீர் உணவுக்கூடத்துக்குப் போகும். நாங்கள் குடித்தோம்.

கூட்டத்தை நடத்தியவர் கோதண்டபாணி என்ற மதிப்பாளர். அந்த மேசையில் ரத்தமும் சதையுமாக இருந்தவர் அவர் ஒருவர்தான்.

"அடுத்த பணி," என்றார். "விடுதிவாசிகள் கேட்டது. இரண்டாவது வாசல். எதற்கு?"

"வெளியேற," என்று விண்ணப்பத்தைப் படித்தது பதிவு இயந்திரம்.

"முதல் வாசல் எதற்கு?"

"வெளியேற."

"இரட்டிப்பு," என்றது பள்ளித் தலைமையாசிரியையின் நிகரி, விடைத்தாளில் சிவப்புக் கோடு போடும் குரலில்.

"செலவு கண்ணுக்குத் தெரிகிறது. பயன்?" என்றது பொறியாளரின் நிகரி.

ஆணையர் சிவநேசனின் நிகரி மெல்ல நிமிர்ந்தது. ஆணையர் வேறொரு குடியிருப்பில் இருந்தார். நெடுமணலில் அவர் கால் வைத்ததை எங்கள் பிள்ளைகள் பார்த்ததில்லை. "குடியிருப்பு தொடங்கியதிலிருந்து இன்றுவரை இந்த இரண்டாவது வாசல் எத்தனை முறை தேவைப்பட்டிருக்கிறது?"

"ஒரு முறை," என்றார் கோதண்டபாணி.

"ஒரு முறை." நிகரியின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது, ஆணையர் கூட்டங்களில் நன்றாக வருத்தப்படுவார். "இருந்தாலும் பாதிக்கப்பட்டோர் தரப்பைக் கேட்காமல் முடிவெடுப்பது முறையல்ல."

பாதிக்கப்பட்டோர் தரப்பு என்பது சன்னல் பக்கத்து வரிசை. இறந்தவர்கள் எல்லோரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள், வீட்டார் மாட்டிவிட்ட சட்டைகளிலும் சேலைகளிலும். ஒரு நிகரிக்கு யாரோ விபூதிகூட இட்டுவிட்டிருந்தார்கள். சுடர்க்கொடி கெட்டிலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"ஆணையர் ஐயா சொன்னதையே நானும் வழிமொழிகிறேன்," என்றது நீலச் சட்டை. "நாம் செலவையும் பார்க்க வேண்டும் அல்லவா?"

கதவை வெட்ட இசைந்து அதன் விளக்கு பச்சையானது. அடுத்து மாசிலாமணி என்ற பெரியவரின் மகன் அருள்வேலின் நிகரி, "எனக்கும் ஆட்சேபமில்லை," என்றது. பிறகு என் தம்பி. பிறகு ஒவ்வொன்றாக, அந்த வரிசை முழுக்கப் பச்சை. கதவின் முன் இறந்தவர்கள் எல்லோரும் கதவு வேண்டாம் என்று ஒருமனதாகச் சொன்னார்கள்.

"எவ்வளவு பெருந்தன்மை!" என்றது ஆணையரின் நிகரி. "மறைந்த அந்த ஆன்மாக்களுக்கு ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவோம்."

எல்லா நிகரிகளும் எழுந்தன. சன்னல் பக்கத்து வரிசையும் எழுந்து, தலை குனிந்து, தமக்குத் தாமே அஞ்சலி செலுத்தியது. ரெஜினா சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா குமட்டலா என்று அவளுக்கே தெரியவில்லை.

*

இடைவேளையில் சமையற்கூட வாசலில் மாசிலாமணி காத்திருந்தார். வீட்டு ஒலிபெருக்கி பழுது. மகன் பேசியதைக் கேட்க முடியவில்லையாம்.

"என் பையன் பேசினானா?" என்று சுடர்க்கொடியிடம் கேட்டார்.

"பேசினான்."

"என்ன சொன்னான்?"

"கதவு வேண்டாம்னு சொன்னான், ஐயா."

"தெளிவாச் சொன்னானா? அவனுக்கு எப்பவும் தொண்டை கட்டிக்கும்."

சுடர்க்கொடி அவரையே பார்த்தாள். பிறகு, தெளிவாகத்தான் சொன்னான் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். உள்ளே கோதண்டபாணி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, தனக்கென்று தனியாகப் போட்ட புதுத் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நான் நடத்துறவன்மா. கருத்து சொல்லக்கூடாது." இருபுறமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தனிப்பட்ட முறையில கேட்டா, ஒத்த வாசல் வச்சு விடுதி கட்டறது கொலை. நான் சொன்னேன்னு வெளிய சொல்லிடாத."

"அப்ப நான் உள்ள வந்து சொல்றேன்."

"எப்படி வருவ? குடும்பத்துக்கு ஒரு நாற்காலி. அதுல குடும்பத் தலைவர் உக்காந்திருக்காரே."

"அவரு செத்துட்டாரு சார்."

"குடும்ப அட்டையில இன்னும் அவருதான் தலைவர்."

"பேரை மாத்திக் குடுங்க."

"அதுக்கு அவையோட இசைவு வேணும். குறிப்பா, அவரு சம்மதிக்கணும்."

"அதாவது, நான் செத்துட்டேன்னு செத்தவன் வந்து கையெழுத்துப் போடணும்," என்றாள் ரெஜினா பாத்திரத்தைத் தேய்த்தபடி. "நல்லா இருக்கு சார் உங்க ஊரு."

கோதண்டபாணி நல்ல நகைச்சுவையைக் கேட்டவர் போலச் சிரித்தார். போகும்போது கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் இரக்கத்தோடுதான் சொன்னார்: "உனக்கு என்ன பயன்னு சொல்லாதம்மா. மேசையில உக்காந்திருக்கறவங்களுக்கு என்ன பயன்? அது தெரிஞ்சா எண் தானா ஏறும். சூத்திரமே அவ்வளவுதான்."

*

கடைசி மதிப்புக் கூட்டத்தன்று நிகரிகள் அவைக் கவிகையின் காற்றுப்பூட்டுக்கு முன் வரிசையில் நின்றன. அதே நேரத்தில் சமையற்கூடத்தின் கழிவு டிரம் வண்டியும் வந்தது. அதற்கும் அதே வாசல்தான். வண்டி குலுங்கியதில் டிரம்மிலிருந்து கொஞ்சம் தளும்பி ஆணையர் நிகரியின் வெள்ளைச் சட்டையில் தெறித்தது. புளித்த ஈஸ்ட்டின் நாற்றத்தை நிகரிகள் அறியா. ஆனால் கறை பட்டால் ஆணையர் எப்படி முகம் சுளிப்பார் என்பதை அந்த நிகரி நன்றாகக் கற்றிருந்தது. திரையில் அந்தச் சுளிப்பு வந்தது. கூட்டம் தொடங்கிய பிறகும் போகவில்லை.

சுடர்க்கொடி அதைப் பார்த்துக்கொண்டே கோப்பைகளை வைத்துவந்தாள். ஆணையர் நிகரியிடம் வந்ததும் குனிந்து, ஒரு துணியால் கறையைத் துடைக்கத் தொடங்கினாள்.

"மன்னிச்சுக்கணும் ஐயா," என்றாள். அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. "எங்க டிரம்மு வர்ற வழியில உங்களை மாதிரி பெரியவங்க வரவேண்டியிருக்கு. புது விடுதிலயும் கூட்ட மண்டபம் வருதாமே? அங்கயும் ஒரே வாசல்தான்னு பேசிக்கிறாங்க. எங்களோட இடிச்சுக்கிட்டு நீங்க வர்றது... எங்களுக்கே கூச்சமா இருக்குங்க ஐயா."

அவள் அடுத்த கோப்பைக்கு நகர்ந்தாள். நாலைந்து நாற்காலி தள்ளிப் போயிருப்பாள், பின்னால் மேசையைத் தட்டும் ஓசை கேட்டது.

"ஒரு முக்கியமான பணியை நாம் மறந்துவிட்டோம்," என்றது ஆணையரின் நிகரி. "எனக்கு இப்போதுதான் தோன்றியது. பங்குடையோர் வந்துபோகத் தனி வாசல்."

"எதற்கு?" என்றார் கோதண்டபாணி, முறைப்படி.

"மரியாதைக்கு."

இரட்டிப்பு என்று யாரும் சொல்லவில்லை. எத்தனை முறை தேவைப்பட்டது என்று யாரும் கேட்கவில்லை. மேசை நடுவில் மதிப்பு எண் கண் முன்னால் ஏறியது. பொறியாளரின் நிகரி வாசலை இரட்டைக் கதவாக்கலாம் என்றது. தலைமையாசிரியையின் நிகரி மேலே ஒரு வளைவு வேண்டும், அதில் எழுத்துகள் வேண்டும் என்றது. செலவுக்கு என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது, விடுதியின் கழிவறைகளைப் பாதியாகக் குறைத்தால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்ல, அது ஒரு மூச்சில் நிறைவேறியது.

"ஆணையர் ஐயாவின் தொலைநோக்கை நானும் வழிமொழிகிறேன்," என்றது நீலச் சட்டை.

மேசையில் ஒரு விளக்குகூட மிச்சமில்லாமல் பச்சை எரிந்தது. நெடுமணலின் வரலாற்றில் இவ்வளவு விரைவாக எதற்கும் இசைவு கிடைத்ததில்லை என்று கோதண்டபாணி அறிவித்தார். அறிவிக்கும்போது அவர் சுடர்க்கொடியின் பக்கம் ஒரு கணம் பார்த்தார்.

"அக்கா, நீ தேர்தல்ல நிக்கலாம்," என்றாள் ரெஜினா சமையற்கூடத்தில். "எப்படிக்கா அந்தக் குரலு உனக்கு வந்துச்சு? மேசைக்கடியில போய்ப் படுத்துக்கலாம்னு இருந்துச்சு எனக்கு."

சுடர்க்கொடி வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். மறுபடி கொப்பளித்தாள். "வந்தது வாசல்தானேடி. தீப்பிடிச்சா மேல யாரு பேரு எழுதியிருக்குன்னு பாத்துட்டா ஓடப்போறோம்?"

"கக்கூஸ் போச்சே."

"கக்கூஸுக்கு வரிசையில நிக்கலாம்."

அன்று வீட்டுக்கு வந்து அவள் நிகரியின் சட்டையைக் கழற்றும்போது, அது, "ஆக்கபூர்வமான கூட்டம்," என்றது. அவள் முதல்முறையாக அதைப் பார்த்துச் சிரித்தாள்.

*

அச்சு இயந்திரங்கள் வேலையை முடித்தன. புது விடுதி சிவந்த பெரிய பானையைக் கவிழ்த்ததுபோல் எழுந்து நின்றது. முன்பக்கம் ஒரு சாதாரணக் காற்றுப்பூட்டு. பின்பக்கம், கூட்ட மண்டபத்தை ஒட்டி, வளைவும் எழுத்துகளும் கண்ணாடி பதித்த இரட்டைக் கதவுமாகப் பங்குடையோர் வாசல். அதற்கு அப்பால் அடுத்த கவிகைக்குப் போகும் மூடிய குழாய்ப்பாதை. குடிபோன நாளில் சுடர்க்கொடி தன் அறைக்குப் பெட்டியைக்கூட எடுத்துப்போகாமல் நேரே அந்தக் கதவிடம்தான் போனாள். கண்ணாடியில் கை வைத்துப் பார்த்தாள். திறந்தால் இரண்டு பேர் பக்கம் பக்கமாக ஓடலாம். அவள் அழுததாக ரெஜினா சொன்னாள்.

திறப்பு விழாவை ஒட்டித் தீ ஒத்திகை வைத்தார்கள். ஒத்திகைக்குப் பின் முன்வாசலுக்கு வெளியே உள்ள உணவுக்கூடக் கவிகையில் விருந்து. பூமியிலிருந்து வந்த உண்மையான முந்திரி போட்ட பாயசம். அதன் மணம் காற்றுக் குழாய்கள் வழியாக உள்ளே வரை வந்துகொண்டிருந்தது.

அபாய மணி அடித்தது. முன்வாசல் சிக்கிக்கொண்டது என்பதாக வைத்து அதைப் பூட்டினார்கள். விடுதிவாசிகள் அத்தனை பேரும், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, பாதி விளையாட்டாகப் பின்வாசலுக்கு ஓடினோம். சுடர்க்கொடி முன்னால் நின்றாள். கதவு திறக்கவில்லை.

"வழி விடுங்கள்," என்றது ஒலிபெருக்கி.

பக்கத்துக் கூட்ட மண்டபத்திலிருந்து நிகரிகள் வரிசையாக வந்தன. நாங்கள் பழக்கதோஷத்தில் ஒதுங்கி வழிவிட்டோம். முதல் நிகரி வளைவின் கீழ் வந்ததும் இரட்டைக் கதவு ஓசையில்லாமல் அகன்றது. ஆணையரின் நிகரி, பொறியாளரின் நிகரி, தலைமையாசிரியையின் நிகரி. அதன் பின்னால் சட்டையும் சேலையும் உடுத்திய அந்த வரிசை. சுடர்க்கொடி அவற்றோடு சேர்ந்து ஓரடி வைத்தாள். கதவு உடனே பாதி மூடிக்கொண்டு, அவள் பின்வாங்கும்வரை காத்திருந்தது. கடைசி நிகரியும் போனபின் முழுவதும் மூடிக்கொண்டது.

அவள் கண்ணாடியைக் கையால் அறைந்தாள்.

"என்ன சார் இது?" கோதண்டபாணியும் உள்ளேதான் இருந்தார். அவருக்கும் அந்த விடுதியில் ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். நெற்றியெல்லாம் வியர்வை.

"பணி விவரத்துல பங்குடையோர் வந்துபோகன்னு இருக்கும்மா. உணரிக்கு நிகரியைத்தான் தெரியும். மத்தவங்களுக்கும்னு யாரும் சேர்க்கச் சொல்லலையே."

"நான் கேட்டேனே சார். ரெண்டாவது வாசல் எங்களுக்கு வேணும்னு."

"சமையற்கூடத்துல கேட்ட."

"உடைச்சு மாத்துங்க."

"உணரியைச் சுவரோட சேத்து வார்த்தாச்சு. சுவரு வந்துடுச்சேம்மா," என்றார் அவர். அவரும் அப்போதுதான் சுற்றுமுற்றும் பார்த்தார்.

அதற்குள் பின்னால் யாரோ கை தட்டினார்கள். சுடர்க்கொடி திரும்பினாள். மாசிலாமணி. அவர் கண்ணாடிக்கு அப்பால் நின்ற ஒரு நிகரியைச் சுட்டிக்காட்டி அழுதுகொண்டே சிரித்தார். "அருளு வெளிய போயிட்டான். பாத்தியாம்மா? இந்தத் தடவை வெளிய போயிட்டான்!" இன்னும் சிலர் தட்டினார்கள். பிறகு பலர். குழாய்ப்பாதையில் எங்கள் இறந்தவர்கள் எல்லோரும் பத்திரமாக நின்றார்கள், புகை படாத சட்டைகளில், எங்களைப் பார்த்தபடி. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு குழந்தை, "அப்பா," என்று கையசைத்தது.

ஒலிபெருக்கியில் ஆணையர் நிகரியின் குரல் வந்தது. "பங்குடையோர் அனைவரும் வெளியேறிவிட்டனர். ஒத்திகை முழு வெற்றி. உள்ளே இருப்பவர்களில் யாருக்கேனும் ஆட்சேபம் உண்டா? ஆட்சேபம் இல்லையெனில் முன்வாசலைத் திறந்து விருந்தைத் தொடங்கலாம்."

பாயசத்தின் மணம் இன்னும் பலமாக வந்தது.

"இருக்கு," என்றாள் சுடர்க்கொடி.

கைதட்டல் நின்றது. எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தோம். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. நேரமாகிறதே என்ற சலிப்பு மட்டும்தான்.

"இந்தக் கதவு எங்களுக்குத் திறக்கல. நாளைக்கே நெருப்புப் புடிச்சா நாங்க எல்லாரும் இங்கேயே சாவோம். இருக்கு ஆட்சேபம்."

"இந்த நேரத்துல ஏம்மா?" என்றார் மாசிலாமணி, கண்ணீர் காயாத முகத்தோடு. "பிள்ளைங்க பசியில நிக்குது. அப்புறமாப் பேசிக்கலாம்."

"நீ சொல்றது சரிதான், யாரு இல்லைங்கறா? ஆனா எல்லாரும் சும்மா இருக்கறப்ப..." என்றார் இன்னொருவர். அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையிருக்கவில்லை. நாலாபுறமும் தலைகள் ஆடின.

ரெஜினா மட்டும் வந்து சுடர்க்கொடியின் பக்கத்தில் நின்றாள். "எனக்கும் இருக்கு," என்றாள்.

ஒலிபெருக்கி கரகரத்தது. பிறகு, "உள்ளே இருப்பவர்கள் பார்வையாளர்கள். மரபுக்காகக் கேட்கப்பட்டது," என்றது. "பங்குடையோரின் இசைவு முழுமையாகப் பதிவாகியுள்ளது. அனைவருக்கும் நன்றி."

முன்வாசலின் பூட்டு விடுபடும் ஓசை கேட்டது. அவ்வளவுதான். பாயசம் தீர்ந்துவிடும் என்று யாரோ கத்தினார்கள். அத்தனை பேரும் அந்த ஒற்றை வாசலை நோக்கிப் பாய்ந்தார்கள். காற்றுப்பூட்டுக்குள் பத்துப் பேர் நுழையும் இடத்தில் முப்பது பேர் திணித்துக்கொண்டார்கள். முழங்கைகள், வசவுகள், கீழே விழுந்த ஒரு பெண்ணைத் தாண்டிப் போன கால்கள், தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கப்பட்ட குழந்தைகள். கோதண்டபாணி, "வரிசை, வரிசை," என்று கூவிக்கொண்டே இரண்டு பேரைத் தள்ளிவிட்டு முன்னால் போனார்.

நெரிசலின் வெப்பம் தாழ்வாரம் வரை வந்து முகத்தில் அடித்தது. சுடர்க்கொடி ரெஜினாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, சுவரோடு சுவராக ஒட்டி நின்றுகொண்டாள்.

"நாம போகலையாக்கா?"

"மொதல்ல இவங்க செத்து முடிக்கட்டும்," என்றாள் அவள்.